ஜெயராணி அக்காவின் முதல் மான்

டிசம்பர் 10, 1998. வியாழன்

காலையிலிருந்து நசநசவென்று மழை. மகள் அபி ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் ஈர சாக்ஸுமாக ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இன்னொரு பூட்ஸ் எங்கே? "ஐ டோன்ட் நோ." ஆறு வயசுக்கு இவ்வளவு நிம்மதி ஆகாது.

மால் போட்டோ ஸ்டுடியோவில் இன்றைக்கும் குழந்தைகள். எல்லாத் தலையிலும் சிவப்புத் தொப்பி. கடைசிக் குழந்தை பின்னணித் திரை மேல் வாந்தி. துடைத்தேன். கோயம்புத்தூரில் பத்திரிகைக்குப் படம் எடுத்தவள் இங்கே கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் ஆன்சரிங் மெஷினில் கேரல். வாரப் பத்திரிகை எடிட்டர். கோடையிலிருந்து நான் படங்களை அனுப்பி அனுப்பி அலுத்துப்போன அதே கேரல்! உடனே கூப்பிட்டேன்.

விஷயம்: ஊரெல்லாம் மான் பெருத்துவிட்டது, தோட்டங்களை மேய்கிறது, கார்களில் மோதுகிறது. மான் வேட்டைக்குப் போகும் ஒரு பெண் டாக்டரைப் பற்றிக் கட்டுரை. அவர்களுடைய போட்டோகிராபருக்கு முதுகுவலி, காட்டில் உட்கார முடியாது. "அவரும் இந்தியர், நீங்களும் இந்தியர், சுலபமாக இருக்கும்" என்றாள் கேரல். பெயர் ஜெயராணி. படம் நன்றாக வந்தால் முதல் பக்கம், அதற்குப் பிறகு மேற்கொண்டு பேசலாம்.

அதற்குப் பிறகு. சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உப்புப் போட மறந்தாயிற்று.

டிசம்பர் 12. சனி

வெயில், ஆனால் காது வலிக்கும் குளிர்.

டாக்டர் வீடு பிரின்ஸ்டன் பக்கம். கதவைத் திறந்தது குள்ளமாக, நரைத்த கிராப்போடு ஒரு அம்மாள். ஐம்பது வயசு இருக்கும். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். இந்தியர் இல்லை, யாழ்ப்பாணம். கேரலிடம் சொல்ல வேண்டும்.

"நீர்தானே படம் எடுக்கிற பிள்ளை? உள்ள வாரும்."

"வணக்கம் ஆன்ட்டி."

"ஆன்ட்டி எண்டு கூப்பிட்டா நான் கிழவியாப் போவன். அக்கா எண்டு சொல்லும்."

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். பிள்ளைகள் காலேஜில். கணவர் மருத்துவ மாநாடுகளிலேயே குடியிருக்கிறார் என்று சிரித்தார். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்தி முதல் தடவை வேட்டைக்குக் கூட்டிப் போனாளாம். அதிலிருந்து நான்கு வருடமாகப் போகிறார். ஒரு மானும் விழவில்லை.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"என்ர வேலை ஆக்களை நித்திரையாக்கிறது. நாள் முழுக்க மற்றாக்களின்ர மூச்சைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். காட்டுக்குள்ள போனாத்தான் என்ர மூச்சு எனக்குக் கேக்குது."

துப்பாக்கியைக் காட்டினார். அவர் துவக்கு என்கிறார். பழைய மாதிரி: குழாய் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்க வேண்டும். ஒரே ஒரு வெடிதான். திரும்ப நிரப்புவதற்குள் மான் அடுத்த ஊருக்குப் போய்விடும். சுடும்போது எழும் புகையில் முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாதாம்.

சத்தம் பயமாக இருக்காதா என்று கேட்டது என் முட்டாள்தனம்.

"அங்க ஊரில வெடிச் சத்தம் கேட்டா பங்கர்க் குழிக்குள்ள ஓடினனாங்கள். இப்ப துவக்கு என்ர கையில. சத்தம் எப்ப வாறதெண்டு நான்தான் முடிவு செய்வன்."

கிளம்பும்போது ஒரு நிபந்தனை. "நான் சுடும்வரைக்கும் உம்மட கமரா சத்தம் போடக் கூடாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. ஆனால் சுட்ட பிறகு எடுத்தால் புகையைத்தானே எடுக்க முடியும்?

வாங்க வேண்டியது: ஆரஞ்சு ஜாக்கெட் (சட்டப்படி கட்டாயம்), ஆரஞ்சு தொப்பி, கை சூடாக்கும் பொட்டலம், ஃபிலிம், பால், அபிக்கு பூட்ஸ்.

டிசம்பர் 14. திங்கள்

மாலுக்கு உடம்பு சரியில்லை என்று 'சிக்' சொல்லியாயிற்று. பொய்தான்.

விடியும் முன்பே ஜெ. அக்காவின் வண்டியில். ஒரு பண்ணை, சோயா வயல், வயல் முடிகிற இடத்தில் காடு, காட்டுக்குள் ஓடை. பண்ணைக்காரர் அனுமதி கொடுத்திருக்கிறார். மான்கள் அவர் சோயாவில் பாதியைத் தின்றுவிட்டனவாம். விழுந்து கிடக்கும் பெரிய மரத்தின் பின்னால் அக்கா. வலப்பக்கம், ஒரு காரளவு தள்ளி நான். பேசக் கூடாது, இருமக் கூடாது, மூக்கை உறிஞ்சக் கூடாது. மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது.

வெளிச்சம் வந்தது. பிறகு, முதலில் நான் மரம் என்று நினைத்த ஒன்று தலையைத் திருப்பியது. ஆண் மான். கொம்பு. அதன் முதுகில் வெயில் ஒரு கோடு போட்டிருந்தது. நான் இந்த நாட்டில் பார்த்த எதுவும் இவ்வளவு அழகில்லை.

விரல் தானாக அழுத்திவிட்டது.

'க்ளக்.' மாலில் காதுக்கே எட்டாத சத்தம். அங்கே தட்டு உடைந்த மாதிரி. மானின் காது இரண்டும் என் பக்கம் திரும்பின. வெள்ளை வால் தூக்கி ஒரு துள்ளல். அவ்வளவுதான்.

ஜெ. அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வண்டியில் ஹீட்டர் போட்டு, தெர்மாஸ் டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தபிறகு ஒரே வாக்கியம்:

"நாலு வருசம், பிள்ளை."

டிசம்பர் 15. செவ்வாய்

மேகமூட்டம். மாலுக்கு இன்னொரு 'சிக்'.

அக்கா கூட்டிப் போவாரா என்றே சந்தேகம். வீட்டு வாசலில் ஹாரன். வந்துவிட்டார்.

இன்று ஒழுங்காக இருந்தேன். கண்ணை மட்டும் வேலை செய்யவிட்டேன். நடுக் காலையில் ஒரு மான் மரங்களுக்கு நடுவே. அக்கா துப்பாக்கியைத் தூக்கினார், குறி பார்த்தார், சுடவில்லை. பின்பக்கம் காட்டிக்கொண்டு நின்றதாம், காயம்தான் படும், சாகாது. மெல்ல இறக்கினார்.

ஆனால் நான் ஒன்று கண்டுபிடித்தேன். குளிரில் அக்காவின் மூச்சு வெள்ளையாக வந்து போய்க்கொண்டிருந்தது. குறி பார்க்கும்போது நீளமாக ஒன்று விட்டார். பிறகு வெள்ளை வரவே இல்லை. மூச்சை நிறுத்திவிட்டுத்தான் சுடப்போகிறார்! அந்த நொடியில் நான் அழுத்தினால் என் சத்தம் வெடிச் சத்தத்துக்குள் போய்விடும். புகை கிளம்பும் முன் படம் என் கையில்.

மான் போனபிறகு, அக்கா "இனி எடும்" என்றதும், கைகள், முகம், மருந்துக் குப்பி, ஓடை என்று எடுத்துத் தள்ளினேன். நன்றாக வருகிறது என்று மனசுக்குள் ஒரே கூத்து. ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம்தான், அது முடிந்தது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. நாற்பது.

ஃபிலிம் சுருட்டும் குமிழைத் திருப்பினேன். இறுக்கமே இல்லை. ஃபிலிம் சக்கரப் பல்லில் மாட்டவே இல்லை. இவ்வளவு நேரமும் வெறும் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பதினைந்து வருடமாக ஃபிலிம் போடுகிறேன்! குளிரில் விரல் மரத்திருந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வண்டியில் அழுதேன். ஜெ. அக்கா டிஷ்யூ பெட்டியை மடியில் வைத்தார்.

"என்ர முதல் வருசம், துவக்குக்கு மருந்து போடாமல் குண்டை மட்டும் போட்டு இடிச்சனான். மான் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது. நான் அமத்த, டிக் எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

அழுகையோடு சிரிப்பு வந்தது. மூக்கு, கண், எல்லாம் ஒழுகல்.

சாயங்காலம் என் கணவர் செந்தில். பாங்க் கம்ப்யூட்டர்களில் இரண்டாயிரமாம் வருஷத்தைச் சரி செய்யும் வேலை, வரும்போதே களைப்பு. "மால் வேலையும் போயிடப்போகுது. ஒரு குண்டு மாறிப் போச்சுன்னா என்ன பண்ணுவ? ரெண்டு நாள் போனது போதாதா?"

"போதாது."

"ஒரு படம்கூட கிடைக்கலைங்கற."

"அதனாலதான் போதாது."

டி.வி. சத்தத்தை ஏற்றினார். நான் பாத்திரச் சத்தத்தை ஏற்றினேன்.

டிசம்பர் 17. வியாழன்

நேற்றும் இன்றும் அக்காவுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, எனக்கு மால். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் ரூம் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஃபிலிம் போட்டுப் பழகினேன். கையுறையோடு. கையுறை இல்லாமல். பிறகு கையுறையோடு.

என் பழைய கேமராவை 50 லென்ஸோடு குட்டை முக்காலியில் வைப்பதாகத் திட்டம். அக்காவும் வயலும் சேர்ந்து விழும். தள்ளி இருந்தே அதை அழுத்தும் ரிலீஸ் ஒயர் என் இடது கையில். பத்திரிகை கொடுத்த கேமராவும் நீள லென்ஸும் கழுத்தில். சத்தம் அடங்க, கிழிந்த ஜாக்கெட்டின் கையை வெட்டி முக்காலிக் கேமராவுக்குச் சட்டை தைத்தேன். பார்க்கப் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. அபி அதற்கு முத்தம் கொடுத்தாள்.

போனில் அக்காவிடம் மூச்சு விஷயத்தைச் சொன்னேன்.

"நான் மூச்சை நிப்பாட்டுறனானோ? எனக்கே தெரியாது." பிறகு: "சரி. என்னை நீர் பாரும். மானை நான் பாக்கிறன்."

கீழ் வீட்டு வசந்தா மாமி எப்படியோ கேள்விப்பட்டு: "ஏண்டி பூங்கொடி, வள்ளி மான் வயித்துல பொறந்தவ. நீ மானைக் கொல்றதைப் போய்ப் படம் எடுக்கறியாமே?"

"வள்ளி வளர்ந்தது வேடன் வீட்டுல மாமி."

எனக்கே இவ்வளவு சட்டென்று வரும் என்று தெரியாது.

செந்தில் காலண்டரில் நாளைக்கு என்று எழுதியிருக்கிறார்: "அபி டிராப் - நான்." அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக வார்த்தேன்.

டிசம்பர் 18. வெள்ளி

வரிசையாக எழுத வேண்டும்.

மேகமூட்டமான காலை, காற்று இடப்பக்கம் போகிறது. ஃபிலிம் மாட்டியதா? மாட்டியது, குமிழ் இறுக்கம். பார்த்தேன். திரும்பப் பார்த்தேன்.

வெகுநேரம் எதுவும் இல்லை. அணில். காக்கை. கால் மரத்துப்போனது. வானம் இன்னும் கறுத்தது.

பிறகு வயலின் ஓரத்தில் அவன். அகலமான கொம்பு. நின்று நின்று நடந்தான். பக்கவாட்டில் திரும்பினான். அக்கா துப்பாக்கியைத் தூக்கியது எனக்குக் கேட்கவில்லை, பார்த்தேன். நான் மானைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்தேன். வெள்ளை. வெள்ளை. நீளமாக ஒரு வெள்ளை.

இல்லை.

அழுத்தினேன். உலகமே வெடித்தது. நெருப்பு நாக்கு, உடனே புகை, அக்காவுக்கு முன்னால் ஒரு சாம்பல் சுவர். என் பக்கம் காற்று சுத்தமாக வைத்திருந்தது. நீள லென்ஸைத் தூக்கினேன். மான் ஒரு முறை முதுகை வளைத்துத் துள்ளி, ஓடைப் பக்கம் ஓடி, வெள்ளைப் பட்டை மரத்துக்குப் பின்னால் சட்டென்று வலப்பக்கம் திரும்பி முள்புதருக்குள். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"பட்டதோ?" அக்காவின் குரல் குழந்தைக் குரல்.

"பட்டுச்சு அக்கா. துள்ளிச்சு."

உடனே போகக் கூடாதாம், துரத்தினால் இன்னும் ஓடும். உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கையிலேயே நீளமான அரை மணி. அப்போது தூறல்.

அக்கா எழுந்துவிட்டார். "மழையில ரத்தம் கழுவுப்பட்டுப் போகும். பிறகு ஒண்டும் கண்டுபிடிக்கேலாது." நேராக ஓடைக்கு இறங்கினார். அடிபட்ட மான் தண்ணீருக்குத்தான் போகும் என்று அவர் கணக்கு. குனிந்து குனிந்து இலை இலையாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அது ஓடைக்குப் போகலை. அந்த வெள்ளை மரத்துக்குப் பின்னாடி வலப்பக்கம் திரும்பிச்சு."

"முள்ளுக்குள்ள ஏன் போகுது? நீர் வேற மானைப் பாத்திருப்பீர்."

"நான் லென்ஸ் வழியாப் பார்த்தேன். நீங்க புகையைப் பார்த்தீங்க."

அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பெரியவர்களிடம் அப்படிப் பேசியதே இல்லை. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஓடையை விட்டு ஏறி வந்தார். "காட்டும்."

வெள்ளை மரம். பின்பக்கம், இடுப்பு உயரத்தில், பட்டையில் ஒரு சிவப்புத் தீற்றல். ஈரத்தில் கரைய ஆரம்பித்திருந்தது. அக்கா அதைத் தொட்டு விரலைப் பார்த்தார். என் தோளை இறுகப் பிடித்தார். முள்ளில் நான் முன்னால், அவர் பின்னால். ஜாக்கெட் கிழிந்தது, கன்னத்தில் கீறல். இன்னொரு இலையில் சிவப்பு. இன்னொன்று. அப்புறம் முள் முடிகிற இடத்தில், காய்ந்த புல்லில், தூங்குவது மாதிரி.

நெஞ்சில் பட்டிருந்தது. அதிக தூரம் ஓடவில்லை, ஆனால் அந்தப் புதரில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

அக்கா மண்டியிட்டார். கையுறையைக் கழற்றி, இரண்டு விரலை அதன் கழுத்தில் வைத்தார், ஆஸ்பத்திரியில் வைப்பது மாதிரி. அப்படியே இருந்தார். அதன் கண்ணில் வானம் தெரிந்தது. அவ்வளவு அழகாக இருந்த ஒன்று இப்போது இல்லை, அதற்கு நானும் துணை. ஆனாலும் கை நிற்கவில்லை. எடுத்தேன்.

பிறகு அக்கா எழுந்து, காடே அதிர ஒரு கத்தல். வார்த்தை இல்லை. திரும்பி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார். அவர் என் தோள் உயரம்தான்.

"நீர் இல்லாட்டி இது இங்கயே கிடந்து அழுகியிருக்கும், பிள்ளை! நான் வாழ்நாள் முழுக்க அந்த ஓடையைத் தேடிக்கொண்டு இருந்திருப்பன்!"

வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்ததையும் பார்த்தேன். ஆவி பறந்தது. மயக்கம் வரவில்லை.

சுட்ட மானைச் சட்டப்படி பதிவு செய்கிற கடையில் ஆண்கள் கூட்டம். நான்கு வருடமாக அக்காவைப் பார்த்து "டாக்டர், இன்றைக்கும் பிக்னிக்கா?" என்று கேட்கிற கூட்டமாம். வண்டியின் பின்கதவைத் திறந்தோம். ஒரு கிழவர் கொம்பின் கிளைகளை எண்ணினார், எட்டு. "யார் சுட்டது?" என்று எங்கள் இருவருக்கும் பின்னால் யாரையோ தேடினார்.

"நான்" என்றார் அக்கா. என்னைக் காட்டி, "கண்டுபிடிச்சது இவள்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். க்ளக்.

அபி வாசலிலேயே: "டிட் இட் க்ரை?" இல்லை என்றேன். "டிட் யூ?" கொஞ்சம் என்றேன்.

டிசம்பர் 19. சனி

ஜன்னல் இல்லாத பாத்ரூம்தான் இருட்டறை. கதவிடுக்கில் துண்டு. செந்திலும் அபியும் வெளியே காவல். யாரும் ஒன்றுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு.

முக்காலி ஃபிலிமை முதலில் கழுவினேன். சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது கண்ணைத் திறக்கப் பயம். திறந்தேன்.

இருக்கிறது. இருக்கிறது!

அக்காவின் பக்கவாட்டு முகம், குழாய் முனையில் நெருப்புப் பூ, புகை இன்னும் கைப்பிடியளவுதான், அதற்கு அப்பால் வயல் ஓரத்தில் சின்னதாக, தெளிவாக, தலை நிமிர்ந்த மான். உயிரோடு. மூன்றும் ஒரே சட்டத்தில்.

கத்திய கத்தலில் செந்தில் கதவைத் திறந்துவிட்டார். நல்லவேளை, கழுவி முடிந்திருந்தது. சொட்டச் சொட்ட நெகட்டிவை விளக்கில் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல வெள்ளையா தெரியறது நெருப்பா?"

"நெகட்டிவ்ல அது கறுப்பா தெரியும். இதோ, இது."

"யப்பா." அப்புறம், மெதுவாக: "நீ இவ்வளவு பக்கத்துலயா இருந்த?"

டிசம்பர் 21. திங்கள்

கேரல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை மேஜையில் வைத்து, அடுத்த அறைக்குப் போய் முதுகுவலி போட்டோகிராபரை இழுத்துவந்தாள். அவர் குனிந்து பார்த்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. "எப்படி?" என்றார்.

"டாக்டரின் மூச்சைப் பார்த்தேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. என் தொழில் ரகசியம்.

டிசம்பர் 24. வியாழன்

பனி! முதல் பனி. பத்திரிகை வந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஆறு பிரதி வாங்கினேன். கடைக்காரர், "எதுக்கு ஆறு?" படத்தின் கீழே சின்ன எழுத்தில் விரலை வைத்தேன்: பூங்கொடி செந்தில். முழுப் பெயர். மாலில் என் பேட்ஜில் 'கோல்டி' என்று போட்டிருக்கிறார்கள், சொல்ல வரவில்லையாம். பத்திரிகைக்கு வந்திருக்கிறது.

மடித்த பத்திரிகையிலும் மடிப்புக்கு மேலேயே படம்.

சாயங்காலம் ஜெ. அக்கா வீட்டில் விருந்து. மான் இறைச்சிக் கறி, யாழ்ப்பாணத் தூள், உறைப்பில் காதில் புகை. அவர் கணவர் மாநாட்டிலிருந்து வந்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் முதல் பக்கத்தைக் காட்டி, "என்ர மனிசி, என்ர மனிசி" என்கிறார். செந்தில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அபி முதலில் மறுத்தாள், பிறகு என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். வசந்தா மாமி ஒரு பிரதி கேட்டிருக்கிறாள், படத்துக்கு மட்டும்.

கேரல் போன்: ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு கட்டுரைக்குப் படம் எடுக்கும் வேலை. மாலுக்கு ராஜினாமா. கிலுகிலுப்பையை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

ஜனவரி 8, 1999. வெள்ளி

பனி உருக ரோடு முழுக்க உப்பு. ஹைஸ்கூல் மல்யுத்தப் போட்டி. ஜிம்மில் வெளிச்சம் மோசம், ஃப்ளாஷ் கூடாதாம். ஃபிலிம் வேகத்தை இரண்டு மடங்கு ஏற்றியிருக்கிறேன்.

டிக்கெட் மேஜைப் பெண் சிரித்துக்கொண்டே, "நீங்கள் எந்தப் பையனின் அம்மா?"

"நான் இங்கே யாருக்கும் அம்மா இல்லை. பிரஸ்."

நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். நடுவருக்குப் பக்கத்திலேயே இடம், தரையில், பாயின் ஓரத்தில். முதல் ஜோடி வந்துவிட்டது. பையன்களின் தோள் பளபளக்கிறது. விசில் ஊதிவிட்டார்கள், மீதி வீட்டுக்குப் போய்.